எல்லாம் அதுலதான் இருக்கு

கல்யாணப் பத்திரிகைக்கு முகவரிப் பட்டியல் தேடும்போது, பாகப்பிரிவினைப் பேச்சில் சர்வே நம்பர் கேட்கும்போது, தாத்தா நினைவுநாளுக்கு பேனர் அடிக்க நல்ல படமாக ஒன்று வேண்டும் என்கிறபோது, கூடத்து மூலையில் ஈஸிசேரிலிருந்து ஒரு குரல் வரும்.

"எல்லாம் அதுலதான் இருக்கு."

'அது' என்பது பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே அந்துருண்டை வாசனையோடு படுத்திருக்கும் பழைய லேப்டாப். குரலுக்குச் சொந்தக்காரரை உங்களுக்கும் தெரியும். மாமாவாகவோ பெரியப்பாவாகவோ குடும்பத்துக்கு ஒருத்தர் உண்டு. வயது 65க்கு மேல். சொந்தத்தில் முதல் முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர். ரயில் டிக்கெட்டை வீட்டில் உட்கார்ந்தபடியே எடுத்து, முழுத் தாளில் அச்சடித்து, டிக்கெட் பரிசோதகர் கேட்பதற்கு முன்பே நீட்டியவர். அந்த ஐந்தாறு வருஷம் அவர்தான் குடும்பத்தின் தகவல் தொழில்நுட்பத் துறை. பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. அவருடைய லேப்டாப் செத்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்ததால், தன்னை யாரும் மிஞ்சிவிடவில்லை, மெஷின்தான் பாதியில் காலை வாரிவிட்டது என்பது அவர் கட்சி.

உயிரோடிருந்தபோது அந்த லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. செத்த பிறகுதான் அது நிரம்பத் தொடங்கும். முதலில் 'கொஞ்சம் போட்டோ' இருந்தது. அடுத்த வருஷம் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் சேர்ந்தது. அப்புறம் மூன்று தலைமுறை ஜாதகம். குலதெய்வக் கோயில் வரலாறு 120 பக்கம். யார் யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தது, யார் யார் திருப்பித் தரவில்லை என்ற கணக்கு. 60 ஜிபி டிஸ்க் ஒன்று மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தபடியே பெருத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் பார்த்தது என் தாய்மாமாவின் லேப்டாப்பை. மதுரைப் பக்கம் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். 2006ல் 42,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். விலையைச் சொல்லாமல் அந்த லேப்டாப்பைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. 2012ல் ஒரு மழைநாளில் அது நின்றுபோனது. ஆனால் ஆயுத பூஜைக்கு ஒரு வருஷமும் தவறாமல் வெளியே வந்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, சுண்டல் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு மறுபடி பீரோவுக்குள் போகும். பத்து வருஷத்துப் பொட்டு ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து, மூடியில் இருந்த கம்பெனிப் பெயர் மறைந்தே விட்டது.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. தெருமுனைக் கடைக்காரர் "போர்டு போயிடுச்சு சார்" என்றார். அடுத்த கடையில் "டிஸ்ப்ளே சார்." மூன்றாவது கடையில் "இதை வெச்சு இனிமே என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று கேட்டு, அன்றோடு விரோதியாகிவிட்டார். தரவு மீட்பதையே தொழிலாகச் செய்யும் இடம் ஒன்றில் 25,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை மாமா லேமினேட் செய்து வைத்திருக்கிறார். "உள்ள ஒண்ணுமில்லாமயா 25,000 கேப்பான்?"

கைவைத்தியமும் உண்டு. பழைய டிவியைத் தட்டுகிற மாதிரி உள்ளங்கையால் இரண்டு தட்டு. அரிசிப் பானைக்குள் மூன்று நாள். யாரோ சொன்னார்கள் என்று ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில். மறுநாள் இட்லி நன்றாகத்தான் வந்தது என்று அத்தை சொன்னார்.

இதையெல்லாம் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடி மாதிரி வழவழப்பான தட்டு நிமிஷத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். நம் தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். ஓடும்போது தட்டினால் முனை போய்த் தட்டை உரசும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் உள்ளே ஈரம் பூக்கும். இவ்வளவுக்கும் தப்பிப் பிழைத்திருக்கிறது என்றால் குலதெய்வம் நிஜமாகவே அதற்குள் இருக்கலாம்.

எனக்கு ஏன் இந்தக் கவலை என்றால், நான் 'கம்ப்யூட்டர்ல இருக்கேன்.' உண்மையில் நான் சம்பளப் பட்டியல் போடும் மென்பொருளில் பிழை பார்க்கிறவன். ஸ்க்ரூடிரைவர் பிடித்து வருஷக்கணக்காகிறது. ஆனால் சொந்தக்காரர்கள் கணக்கில் கம்ப்யூட்டர் என்பது ஒரே துறை. கண் டாக்டரிடம் மூலத்துக்கு மருந்து கேட்பது போலத்தான் எங்களிடமும் கேட்பார்கள். நான் பல வருஷம் நழுவினேன். அப்போதுதான் மாமா செய்தித்தாளில் ஒரு செய்தி படித்துத் தொலைத்தார். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் ஊரில் ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவர் 2013ல் தன் ஹார்டு டிஸ்க்கைத் தவறுதலாகக் குப்பைக்கு அனுப்பிவிட்டார். அதில் சுமார் 8,000 பிட்காயின் இருந்தது என்கிறார். குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு வருஷக்கணக்காக அந்த ஊர் நகர மன்றத்தோடு மல்லுக்கட்டினார்.

"பாத்தியா மாப்ளே?"

"நம்மகிட்ட பிட்காயின் இருந்துச்சா மாமா?"

"இல்ல. ஆனா இருந்திருந்தா அதுலதானே இருந்திருக்கும்?"

இதற்கு மேல் நழுவ முடியவில்லை. வைகை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். மதுரையிலிருந்து எழும்பூர் ஏறக்குறைய ஏழரை மணி நேரம். மஞ்சப்பையில் லேப்டாப், அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பெட்டியை மட்டும் மேலே போட்டிருக்கிறார். எழும்பூரில் அவருக்கு ஏழரை முடிந்தது, எனக்கு ஆரம்பித்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் கைமாற்றுக் கணக்கில் முதல் பெயர் என் அப்பாவுடையது. 2007ல் மாமாவிடம் 18,000 ரூபாய் வாங்கினார், திருப்பித் தரவில்லை என்பது மாமா கட்சி. தந்தாயிற்று என்பது அப்பா கட்சி. நடுவில் என் அம்மா. ஒவ்வொரு விசேஷத்திலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் இது கிளம்பும். "மச்சான், நான் வாயால சொல்லலை. கணக்கு இருக்கு." "இருந்தா எடுத்துக் காட்டுய்யா." "அதுலதான் இருக்கு." கோர்ட்டில் இருக்கும் வழக்கு மாதிரி, டிஸ்க்கில் இருந்த அந்தக் கணக்கால் இரண்டு பேருக்கும் பத்து வருஷம் பொழுது போனது. இப்போது அந்தச் சாட்சியை எழுப்பி உட்கார வைக்கச் சொல்கிறார்கள் என்னிடம். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வந்தா வரட்டும், வரலைன்னா ரொம்ப மெனக்கெடாத" என்றார்.

லேப்டாப் செத்தது என்றால் டிஸ்க்கும் செத்தது என்று அர்த்தமில்லை. வீடு இடிந்தாலும் இரும்புப் பெட்டி பத்திரமாக இருப்பது போல. அடிப்பக்கம் இரண்டு திருகாணியைக் கழற்றி இழுத்தேன்; சீட்டுக்கட்டு அளவில் வந்துவிட்டது. "இவ்வளவுதானா?" என்றார் மாமா. முகத்தில் ஏமாற்றம். 42,000 ரூபாய்ப் பொருளின் ஆவி இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அது ஐடிஇ வகை டிஸ்க். இப்போதைய கேபிள் எதுவும் சேராது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். சென்னை அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் போதும், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றிலும் எல்லாமே வயரும் சர்க்யூட்டும்தான். மாமா கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எங்கே நான் தொலைந்துவிடுவேனோ என்றல்ல, பை அவர் கையில் இருந்தது. நாலைந்து கடையில் "ஐடிஇயா சார்?" என்று, காலணா நாணயத்தை நீட்டியது போலப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெரியவர் பரணிலிருந்து தூசி தட்டி ஒரு மாற்றி எடுத்துக் கொடுத்தார். 44 ஊசிப் பொருத்தி என்றார்.

சொன்ன எண்ணிக்கையை அப்படியே ஒப்புக்கொள்கிற ஆளா மாமா? கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டிஸ்க்கை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக எண்ணினார். ஓரத்தில் தனியாக நிற்கும் 4 ஊசியைக் கழித்துவிட்டு மறுபடி எண்ணினார்.

"43தான் இருக்கு."

"அப்படித்தான் சார் இருக்கும். 20வது ஊசி பிறவியிலேயே கிடையாது. தலைகீழா சொருகிடக் கூடாதுன்னு அந்த இடத்தை விட்டிருப்பாங்க."

மாமா ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஆட்டோவில் வரும்போது, "அந்த மூணாவது கடைக்காரன் கழட்டிப் பாத்தான் மாப்ளே. அப்பவே எனக்கு ஒரு மாதிரியாதான் இருந்துச்சு" என்றார்.

டிஸ்க்கை இணைத்ததும் சுற்றியது. டிக் டிக் என்று அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் அன்றைக்கே கையைக் கழுவிவிட்டு அந்த 25,000 ரூபாய்க்காரர்களிடம் அனுப்பியிருப்பேன்; அது தூசியில்லாத அறையில் திறக்க வேண்டிய கேஸ். "பாஸ்வேர்டு என்ன மாமா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"எழுதி வெச்சிருக்கேனே."

"எங்க?"

"அதுலதான்."

நல்லவேளை, அந்தக் காலத்து விண்டோஸ் எக்ஸ்பியில் பாஸ்வேர்டு என்பது வாசல் கதவு மட்டும்தான். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் கொல்லைப்புறம் திறந்தே கிடக்கும். இதைச் சொன்னதும் மாமா கலவரமானார். ஆறு வருஷம் தினமும் இரண்டு தடவை அந்தப் பாஸ்வேர்டை அடித்தவர் அவர்.

முதல் வேலை, டிஸ்க்கை முழுசாக நகல் எடுப்பது. மூலத்தில் கைவைக்கவே கூடாது. இதற்கு டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச மென்பொருள். அதன் வேலை முறையை மாமாவுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று தயங்கினேன். நன்றாகப் படிக்க வருகிற பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிவிடும். அடம்பிடிக்கிற இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்து அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெஞ்சும்.

"இது மார்ச் மாச வசூல்" என்றார் மாமா. "குடுக்கிறவன்கிட்ட முதல்ல வாங்கிரணும். முரண்டு பிடிக்கிறவன் வீட்டு வாசல்ல நின்னா பொழுது போயிரும், ஆண்டறிக்கையும் போயிரும்." அதன்பின் ராத்திரி பதினொன்று வரை திரையில் ஓடிய எண்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காலையில் முடிந்திருந்தது. 60 ஜிபியில் 3 எம்பி மட்டும் எத்தனை கெஞ்சியும் வரவில்லை.

3 எம்பிதானே என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். காபி குடித்துக்கொண்டே, 1956ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க் ஒரு டன்னுக்கு மேல் எடை, ஒவ்வொன்றும் இரண்டடி அகலத்தில் 50 தட்டு, அத்தனையிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துதான் வைக்க முடியும் என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் எதையும் மறப்பவரல்ல.

நகலைத் திறந்தால் மாமாவின் ஃபைல் ஒன்றுகூட இல்லை. விசாரித்ததில், 2011ல் அவருடைய பேரன் முறையுள்ள ஒருவன் 'ஸ்லோவா இருக்கு தாத்தா' என்று விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதாவது ஃபைல்கள் தொலைந்தது மழைநாளில் அல்ல, அதற்கு ஒரு வருஷம் முன்பே. அந்த ஒரு வருஷமும் மாமா எதையும் தேடவில்லை என்பதும் இதிலிருந்து தெரிந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

ஃபார்மட் அடித்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பது பொது நம்பிக்கை. உண்மையில் அந்த நாளில் அவசர ஃபார்மட் அடித்தால் போவது அகரவரிசைப் பட்டியல்தான். பேரேடுகள் அலமாரியில் அப்படியே இருக்கும். புதுசாக ஏதாவது அதன் மேல் எழுதினால்தான் பழையது போகும். சங்கத்தில் பட்டியலைக் கரையான் தின்ற வருஷம் ஒன்று இருந்ததாம். மாமா ஒவ்வொரு பேரேடாகப் பிரித்து, உள்ளே கையெழுத்தைப் பார்த்து, யார் கணக்கு என்று கண்டுபிடித்தாராம். போட்டோரெக் என்ற மென்பொருளும் அதையேதான் செய்கிறது, இதுவும் இலவசம். படம் என்றால் இப்படித் தொடங்கும், எக்செல் என்றால் அப்படித் தொடங்கும் என்று தலையெழுத்தைப் பார்த்தே பொறுக்கி எடுக்கும். ஒரே குறை, பெயர் வராது. எஃப் என்ற எழுத்தும் பின்னால் ஒரு நீள எண்ணும்தான். மாமாவின் 'எல்லாம்' மொத்தம் 31,000 அநாதைகளாக வந்து நின்றது.

அதில் இருபதாயிரத்துக்கு மேல், இணையப் பக்கங்களிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொண்ட சின்னச் சின்னப் படங்கள். அம்புக்குறி, நட்சத்திரம், அசையும் கைகாட்டி. கழித்துவிடலாம் மாமா என்றேன். ஆடிட்டில் கழிப்பதாவது! ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தார். மூன்று நாள் பார்த்தார். நான் ஆபீஸ் போய் வருவேன். அதே நாற்காலி, அதே துண்டு, எண்ணிக்கை மட்டும் 4,000 கூடியிருக்கும்.

மகளுக்கு வரன் பார்த்த காலத்தில் திறந்து பார்த்த மாப்பிள்ளைப் படங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. பாண்ட் பாக்கெட்டில் கைவிட்டு, ஸ்டுடியோத் தூணில் சாய்ந்த 2007ம் வருஷத்து இளைஞர்கள். மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ஆனாலும் ஒரு படத்தில் மாமா வெகுநேரம் நின்றார். "நல்ல பையன் மாப்ளே. செவ்வாய் மட்டும் இல்லைன்னா..." அத்தைக்குப் போன் போட்டு, "அந்த விருதுநகர்ப் பையன் கெடச்சுட்டான்" என்றார்.

கல்யாணப் படங்களும் வந்தன, உருப்படியாகவே. தேதி பார்த்து அடுக்கலாம் என்றால், கேமரா வாங்கிய நாளிலிருந்து மாமா அதில் தேதியே வைக்கவில்லை. ஆகவே கிரகப்பிரவேசம், மகள் கல்யாணம், தாத்தாவின் சதாபிஷேகம், கொடைக்கானல் பயணம் எல்லாமே 1.1.2000 அன்று நடந்திருக்கின்றன. நல்ல முகூர்த்தநாள்தான் போல.

கோயில் வரலாறு வந்த விதம் தனி. திறந்ததும் "வைரஸ்!" என்று கத்தினார். திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். எனக்கு அதைப் பார்த்ததும் கல்லூரிக் காலம் ஞாபகம் வந்துவிட்டது. ஒருங்குறி வருவதற்கு முன் எழுத்துருவுக்கு ஒரு தமிழ் என்று இருந்த காலம், இது பாமினி. எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதுதான் அம்மா! இப்படி எத்தனை வீட்டு அம்மாக்கள் எம்கே அரைப்புள்ளியாகவே டிஸ்க்குகளில் கிடக்கிறார்களோ. எழுத்துருவைப் போட்டதும் எறும்பு வரிசையெல்லாம் சட்டென்று தமிழாக நிமிர்ந்து உட்கார்ந்தது. மாமாவுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

படித்துப் பார்த்தோம். ஒன்றேகால் பக்கம். கடைசியில் 'தொடரும்'.

"மீதி எங்க மாமா?"

"இருக்கும்" என்றார், மூக்குப்பொடி டப்பாவைத் தேடிக்கொண்டே.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எக்செல் ஃபைல்கள் பதினேழு. பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிகள், கல்யாண மொய். பன்னிரண்டாவதைத் திறந்ததும் 'கைமாற்று 2007' என்று மேலே கொட்டை எழுத்தில். அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். அப்பா பேப்பரை இறக்காமலே பக்கம் புரட்டுவதை நிறுத்தினார்.

சங்கத்துப் பேரேடு மாதிரியே சுத்தமாக எழுதியிருந்தார். ஜூன் 11, மச்சான், பற்று 18,000. அதற்கு நேராக நவம்பர் 5, மச்சான், வரவு 20,000. குறிப்பு: 'சில்லறை இல்லை. 2,000 திருப்பித் தரவேண்டும்.'

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா கரண்டியோடு திரும்பிப் போனாள். அப்பா பேப்பரைப் புரட்டினார். முகம் தெரியவில்லை, ஆனால் பேப்பர் லேசாகக் குலுங்கியது.

மாமா கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"மூணு எம்பி வரலைன்னு சொன்னேல்ல?"

"அது ரொம்பச் சின்ன பகுதி மாமா."

"எது சின்னது? ஒரு டன் மெஷின்லயே மொத்தம் அம்பது லட்சம் எழுத்துதான்னு நீதானே சொன்ன? அப்ப மூணு எம்பின்னா முப்பது லட்சம் எழுத்து." வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தார். "இது பழசு மாப்ளே. இதுக்கப்புறம் திருத்தி ஒண்ணு எழுதினேன். கோயில் வரலாறு மீதியும் அங்கதான் இருக்கும்."

எல்லாவற்றையும் ஒரு புது எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தேன். பழைய டிஸ்க்கை லேப்டாப்புக்குள் திரும்ப மாட்டச் சொன்னார். மாட்டினேன். கிளம்பும்போது என் மகன் கையில் நாலு 500 ரூபாய்த் தாளை மடித்து வைத்தார். வழக்கமாக அவனுக்கு மாமா கொடுப்பது 50. "உங்க தாத்தாகிட்ட சொல்லாத" என்றார், தாத்தாவுக்குக் கேட்கிற குரலில்.

ஆயுத பூஜை அன்று அத்தை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். சுண்டல் தட்டுக்குப் பக்கத்தில் பொட்டு வைத்த லேப்டாப். அதன் மேல் நான் கொடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்க், அதற்கும் ஒரு பொட்டு. நான் ஒட்டிய செலோடேப் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.